மெஷின் நடந்து வந்துவிட்டது: வலைப்பூவை அழிக்கச் சொன்ன சங்கத்துக்கு என் பதில்

மடித்த தீர்மானத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதன் நுனி வெளியே தெரிவதை அறியாமல் புன்னகைத்துக்கொண்டிருக்கும் பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே. அந்தத் தீர்மானத்தை முத்து முத்தான கையெழுத்தில் எழுதித் தந்த செயலாளர் அவர்களே. ஈரத் தரையில் மண்டியிட்டு மண்டியிட்டே முழங்கால் தேய்ந்துபோன மூத்த மெக்கானிக்குகளே. ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் மிக்சியும் மறுபிறவி எடுக்கக் காரணமான என் தொழில் தோழர்களே. "அரை மணி நேரத்துல வந்துடலாம்" என்ற பொய்யை நம்பிப் புறப்பட்டு வந்துவிட்ட தாய்மார்களே. கதவோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, எந்த நேரமும் நழுவிவிடத் தயாராக இருக்கும் கடைசி வரிசை அண்ணன்மார்களே. இன்னும் சிறிது நேரத்தில் இந்தச் சங்கத்திலிருந்து நீக்கப்படப்போகிற உறுப்பினரின் தலைதாழாத வணக்கம்.

எனக்குப் பத்து நிமிடம் என்றார்கள். இப்போது செயலாளர் ஐந்து விரலைக் காட்டுகிறார். ஐயா, ஒரே ஒரு ஆளை வெளியே அனுப்புவதற்கு மண்டபம் பிடித்து, ஒலிபெருக்கி கட்டி, டீயும் பிஸ்கட்டும் வாங்கி வைத்திருக்கிறீர்கள். அந்த ஆள் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பிஸ்கட் நமுத்துப் போய்விடாது. போனாலும் டீயில் தொட்டுக்கொள்ளலாம்.

விஷயம் இதுதான், தாய்மார்களே. உங்கள் வீட்டில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன். நான் ஒரு வலைப்பூ எழுதுகிறேன். அதை இன்றே அழிக்க வேண்டும், மறுத்தால் சங்கத்தில் எனக்கு இடமில்லை. தலைவர் பையில் இருக்கும் தீர்மானம் அதுதான். இடமில்லை என்றால் என்ன பொருள்? சங்கக் கிடங்கில் எனக்கு ஒரு ரப்பர் வளையம்கூடக் கிடைக்காது. உதிரிபாகம் இந்த ஊரில் வேறெங்கும் இல்லை. உதிரிபாகம் இல்லாத மெக்கானிக் எதை மாட்டிப் பழுது பார்ப்பாள்? தன் பேச்சையா? இன்று வாக்கெடுப்புக்கு வந்திருப்பது என் எழுத்து மட்டுமல்ல. என் கடை, என் அடுப்பு, வீட்டில் படுத்திருக்கும் என் வீட்டுக்காரரின் மருந்து, எல்லாமும்தான்.

"வலைப்பூன்னா என்னம்மா?" என்று இரண்டாம் வரிசையில் ஒரு அம்மா கேட்கிறார். நல்ல கேள்வி. தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. ஃபோனில் திறந்தால் ஒரு வெள்ளைப் பக்கம் வரும், அம்மா. மேலே ஒரு தலைப்பு, கீழே நான் எழுதியது, அதற்கும் கீழே படித்தவர்கள் திட்டுவதற்கு ஒரு கட்டம். அவ்வளவுதான். படம் ஓடாது, பாட்டு வராது. அதை வைத்துக்கொள்ள நான் யாருக்கும் ஒரு காசு கொடுப்பதில்லை. மின்விசிறி மாட்டத் தெரிந்தவர்களுக்கு அதைவிடச் சுலபமான வேலை அது.

ஏன் தொடங்கினேன்? புகழுக்கா? பொழுது போகாமலா? நாலு வருடத்துக்கு முன்பு மூன்றாம் மாடியிலிருந்து ஒரு மெஷினை முதுகில் இறக்கும்போது என் வீட்டுக்காரருக்கு இடுப்பு போயிற்று. உங்களில் நாலு பேர்தான் அவரைத் தூக்கி வந்தீர்கள், அந்த நன்றியை நான் மறக்கவில்லை. மருத்துவர் இனி ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றார். அதுவரை கடையில் அவரோடு பாதி வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், மறுநாள் அவருடைய பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். போன வீட்டிலெல்லாம் கதவைத் திறந்து என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள்.

"ஆள் வரலையா?"

"நான்தாங்க ஆள்."

"இல்லம்மா, மெக்கானிக்."

"அதுவும் நான்தாங்க."

அப்புறம் உள்ளே விடுவார்கள். விட்டுவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் திருடுகிறேனா என்றல்ல, எனக்குத் தெரியுமா என்று பார்ப்பார்கள். திருடி என்று சந்தேகப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. மாதத்தில் பத்து அழைப்பு நாலாகக் குறைந்தது. எனக்குத் தெரிந்ததை எழுதி வைப்போம், படித்துப் பார்த்துவிட்டாவது நம்பிக் கூப்பிடட்டும் என்று பேருந்தில் நின்றபடி, ஒரு கையில் கம்பியும் ஒரு கையில் ஃபோனுமாகத் தொடங்கியதுதான் இந்த வலைப்பூ.

தொடங்கினேன், தோற்றேன். ஏன் தோற்றேன் தெரியுமா? பயந்தேன். பெண்பிள்ளை எழுதினால் இளக்காரமாகப் பார்ப்பார்களே என்று பயந்து, பாடப்புத்தகத்துக்குப் பாடம் சொல்கிற மாதிரி எழுதினேன். "சலவை இயந்திரத்தின் நீர் வெளியேற்றும் அமைப்பும் அதன் பராமரிப்பு நெறிமுறைகளும்." இது என் முதல் பதிவின் தலைப்பு. சிரிக்காதீர்கள், இதைப்போல் பதினொன்று எழுதினேன். ஐந்து மாதத்தில் அதைப் படித்தவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொருவர் யாரோ முகம் தெரியாத அன்பர் என்று மனம் குளிர்ந்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அதுவும் நான்தான், கடை கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தது.

என் வீட்டுக்காரர் படுக்கையில் இருந்தபடியே கடை ஃபோனை எடுப்பார். எடுத்துவிட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பார். எப்படி எழுதுவார்? நாமெல்லாம் எப்படி எழுதுவோம்? "பம்ப் பழுது", "பெல்ட் மாற்றம்" என்று எழுதுவோம். அவருக்குப் பொழுது போக வேண்டும் அல்லவா? கூப்பிட்டவர் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியத்தை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதி வைப்பார். "மெஷின் அழுவுது." "துணியெல்லாம் நீலமாயிடுச்சு, மாமனார் வேட்டி உட்பட." "ஸ்விட்ச் போட்டா வீடே இருட்டாவுது, என்னன்னு கேட்டா என் புருஷன் என்னைத்தான் முறைக்கிறாரு."

ஒரு நாள் அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டே என் பதிவுகளைப் படிக்கச் சொன்னார். படித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏன்டி, வீடு பூரா தண்ணி நிக்கும்போது யாராவது நீர் வெளியேற்றும் அமைப்புன்னு தேடுவாங்களா?"

"வேற எப்படித் தேடுவாங்க?"

"எனக்கு ஃபோன்ல எப்படிச் சொல்றாங்களோ அப்படித்தான் தேடுவாங்க."

தோழர்களே, முப்பது ஆண்டு அனுபவமுள்ள மூத்தவர்களே, பெரிய பெரிய வகுப்பில் காசு கட்டிப் படித்தாலும் கிடைக்காத பாடம் அது. நாம் அறிந்த பெயரில் யாரும் தேடுவதில்லை. தவிக்கிறவர்கள் தங்கள் தவிப்பைத்தான் தட்டுகிறார்கள். அன்றைக்கே பதினொன்றையும் அழித்தேன். ஆம், எனக்கும் அழிக்கத் தெரியும். படிக்கத் தகுதியில்லாததை நானாகவே அழித்தேன், எந்தச் சங்கமும் சொல்லாமலே. நோட்டில் இருந்த வாக்கியங்களைத் தலைப்பாக வைத்தேன். "மெஷின் அழுவுது." ஒரு பதிவுக்கு ஒரே ஒரு கோளாறு. முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: ஸ்விட்சை அணைத்துவிட்டுப் படியுங்கள். வாரத்துக்கு ஒன்று, வியாழக்கிழமை காலை, உடம்பு சரியில்லை என்றாலும் விடமாட்டேன். யார் என்ன கேட்டாலும் அன்றே பதில் போடுவேன். படிக்கிறவர்கள் இருபதானார்கள், இருநூறானார்கள். அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது.

என் வீட்டுக்காரர் அன்று நோட்டில் எழுதிய வாக்கியம் இது: "மெஷின் நடந்து வந்து கதவை அடைச்சிருச்சு, நான் உள்ள மாட்டிக்கிட்டேன்." கூப்பிட்டவர் ஒரு தையல்காரம்மா, தனியாக இருப்பவர். சின்னக் குளியலறை, உள்பக்கம் திறக்கிற கதவு. சோப்பு எடுக்க உள்ளே போயிருக்கிறார். மெஷின் துணி பிழியத் தொடங்கியதும் தடதடவென்று ஆடி, ஒவ்வொரு அடியாக நகர்ந்து, கதவை முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. நல்லவேளை, கையில் ஃபோன் இருந்தது. என் வீட்டுக்காரர் அவர் எண்ணைச் சொல்ல, நான் பேருந்தில் இருந்தபடி பேசினேன். "முதல்ல ஸ்விட்ச அணைங்கக்கா. அழாதீங்க. கீழ ஒரு சின்ன மூடி இருக்கும், அதத் திறந்து தண்ணிய விடுங்க. ஒரு துண்ட சோப்புத் தண்ணியில நனைச்சு, மெஷின லேசாச் சாய்ச்சு முன்காலுக்கு அடியில குடுங்க. இப்ப தள்ளுங்க." தள்ளினார். நகர்ந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அக்கா வாசல்படியில் உட்கார்ந்து, ஈரத் துண்டைப் பிடித்த பிடியை விடாமல் இருந்தார்.

மெஷினின் பின்னால் எட்டிப் பார்த்தேன். நாலு போல்ட். தாய்மார்களுக்குச் சொல்கிறேன்: லாரியில் வரும்போது உள்ளே இருக்கும் தொட்டி ஆடாமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே முறுக்கி அனுப்புகிற போல்ட் அவை. வீட்டில் மாட்டுகிறவர் முதல் வேலையாக அவற்றைக் கழற்ற வேண்டும். கழற்றாவிட்டால் தொட்டி ஆடாது, அதற்குப் பதில் மொத்த மெஷினும் ஆடும், நடக்கும், கதவை அடைக்கும். கழற்ற எவ்வளவு நேரம்? ஐந்து நிமிடம். ஏன் விட்டுப்போகிறது? அடுத்த வீட்டுக்காரர் ஃபோன் செய்துகொண்டே இருப்பார், போல்ட் பின்பக்கம், மெஷினைச் சுவரோடு தள்ளியாயிற்று. அப்புறம் மெஷின் ஆடுகிறது என்று கூப்பிட்டால் நாம் என்ன சொல்வோம்?

பார்த்தீர்களா, நாலு வரிசையும் சேர்ந்து சொல்கிறது. "தரை சரியில்லைங்க." ஆம், நம் தொழிலின் தேசிய கீதம் அதுதான். இந்த ஊரில் தரை சரியாக இருக்கிற வீடே கிடையாது.

நான் அதை எழுதினேன். தலைப்பு என்ன வைத்தேன்? "மெஷின் நடந்து வந்து கதவை அடைச்சிருச்சு." அந்தப் பதிவு நடக்கவில்லை, தோழர்களே, ஓடியது. ஒரு வாரத்தில் நாற்பதாயிரம் பேர் படித்தார்கள். அவர்கள் படித்ததோடு நின்றார்களா? எழுந்துபோய்த் தங்கள் மெஷினின் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்களுக்கு போல்ட் தெரிந்தது. பக்கத்திலேயே மாட்டியவரின் ஃபோன் எண்ணோடு நாம் ஒட்டுகிற ஸ்டிக்கரும் தெரிந்தது. தலைவர் கடைக்கு ஒரே நாளில் முப்பத்தெட்டு அழைப்பு. அவர் முகம் சிவந்ததை நான் குறை சொல்லவில்லை. எனக்கு வந்திருந்தால் எனக்கும் சிவந்திருக்கும்.

"சக உறுப்பினர்களைக் காட்டிக்கொடுத்தாள்" என்கிறது தீர்மானம். "தொழில் ரகசியத்தை விற்றுக் காசு பார்த்தாள்" என்கிறது தீர்மானம்.

காசைப் பற்றி முதலில் பேசிவிடுவோம், அதற்குத்தானே முன்வரிசையில் காது கூர்மையாகிறது. ஆம், காசு வருகிறது. பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக விளம்பரம் வர அனுமதித்தேன். எட்டாம் மாதம்தான் முதல் தொகை வந்தது. அதில் என்ன வாங்கினேன்? மெஷினைப் படியில் இறக்குகிற தள்ளுவண்டி. இன்னொருவர் இடுப்பு போகக் கூடாது என்று வாங்கினேன். இந்தக் கூட்டத்தில் ஆறு பேர் அதை இரவல் வாங்கியிருக்கிறீர்கள், ஒருவர் இன்னும் திருப்பித் தரவில்லை. இன்று கடை வாடகையும் மருந்துச் செலவும் அதிலிருந்து நடக்கிறது. நடுவில் மெஷின் விற்கிற ஒரு பெரிய கடைக்காரர் வந்தார். "அஞ்சு வருஷம் ஆன மெஷினச் சரி பண்றது வீண், புதுசு வாங்குங்கன்னு மாசம் ஒரு பதிவு எழுதுங்க, உங்க வருமானத்தப்போல மூணு மடங்கு தர்றேன்" என்றார். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். அப்படி எழுதியிருந்தால் யாருடைய வயிற்றில் அடித்திருப்பேன்? உங்கள் வயிற்றில். அதை எழுதாமல் விட்டதற்கு எந்தச் சங்கம் எனக்குத் தீர்மானம் போட்டது?

ரகசியமா? எது ரகசியம்? பம்பில் நாணயம் சிக்கியதை எடுத்துவிட்டு "பம்ப் போச்சு" என்று சொல்வதா? அது ரகசியமில்லை, அண்ணா, அது பொய். இலவசமாகச் சொல்லிக்கொடுத்தால் யார் கூப்பிடுவார்கள் என்கிறீர்கள். என்னைக் கூப்பிடுகிறார்கள். நாலாகக் குறைந்திருந்த அழைப்பு இன்று அறுபது. வடிகட்டியைத் தானே சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டவர், மோட்டார் புகையும்போது யாரைத் தேடுவார்? சொல்லிக்கொடுத்தவளைத்தான் தேடுவார். இப்போதெல்லாம் கதவைத் திறந்து யாரும் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதில்லை.

இனி காட்டிக்கொடுத்த கதைக்கு வருகிறேன். அந்தப் பதிவில் யாருடைய எண்ணையாவது எழுதினேனா? பெயர்? கடை? சொல்லுங்கள். ஒன்றுகூட இல்லை. இன்னொன்று கேட்கிறேன். இந்தத் தீர்மானத்தில் முப்பத்திரண்டு கையெழுத்து இருக்கிறது. முப்பத்திரண்டு பேரில் அந்தப் பதிவைக் கடைசிப் பத்திவரை படித்தவர் எத்தனை பேர்? கை தூக்குங்கள். ஒருவரும் இல்லையா? தலைவர் ஐயா? செயலாளர் ஐயா? நான் எதிர்பார்த்ததுதான். கடைசிப் பத்தியை நானே வாசிக்கிறேன், ஃபோனில் எழுத்து சிறிது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

"அந்த மெஷினை மூன்று வாரத்துக்கு முன்பு மாட்டியது நான்தான். போல்ட்டைக் கழற்றாமல் விட்டதும் நான்தான். அன்று மாட்டிக்கொண்டிருக்கும்போது என் கணவர் குளியலறையில் விழுந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார். குழாயை மட்டும் மாட்டிவிட்டு அப்படியே ஓடினேன், பிறகு நினைவே வரவில்லை. மெஷின் நடந்த அன்று போல்ட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, தரை சரியில்லை என்று சொல்லி, அதற்குக் கூலியும் வாங்கிக்கொண்டு வந்தேன். அது பொய். மன்னிக்க வேண்டும்."

எல்லோருக்கும் கேட்டதா? ஒலிபெருக்கி வேலை செய்கிறதா?

ஆம், நான்தான். பயந்து நடுங்கிக்கொண்டு நன்றி சொன்ன ஒரு பெண்ணிடம் பொய் சொல்லிப் பணம் வாங்கியவள் நான். அந்தக் குளியலறைக்குள் ஃபோன் இல்லாமல் அவர் போயிருந்தால்? குரல் கொடுத்தாலும் கேட்க ஆளில்லாத வீடு அது. அதை நினைத்து அழுதேன், அழுதுவிட்டு எழுதினேன், எழுதியதை யாரும் படிப்பதற்கு முன்னால் பணத்தை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தைத்துக்கொண்டிருந்த துணியை ஓரமாக வைத்தார்.

"அன்னிக்கு உன் வீட்டுக்காரருக்கு அடி பலமாம்மா?" என்றார்.

"இல்லக்கா, முழங்கையில மட்டும்."

"அப்பச் சரி. பணத்த வெச்சிட்டுப் போ, அது என்னோடது. அடுத்த மாசம் என் தங்கச்சி மெஷின் வாங்குறா, நீதான் வந்து மாட்டணும். நான் பின்னாடி நின்னு பார்ப்பேன்."

போனேன். அவர் பின்னால் நின்றே பார்த்தார். நாலு போல்ட்டையும் ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் வைத்தேன். நாற்பதாயிரம் பேர் என்னை நம்பி வந்தது என் தமிழ் அழகுக்காக அல்ல, தோழர்களே. தன் தப்பைத் தானே எழுதுகிற ஒரு மெக்கானிக்கை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

ஆகவே சொல்கிறேன், அழிக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் இன்று காலை, "அழிச்சிடேன், கடை முக்கியம்" என்றார். அவர் பயம் நியாயம். எனக்கும் பயம் இருக்கிறது. ஆனாலும் அழிக்க மாட்டேன். அதட்டினால் அழிக்க மாட்டேன், அன்பாகச் சொன்னாலும் அழிக்க மாட்டேன், கிடங்கைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டாலும் அழிக்க மாட்டேன். இந்த நிமிடம் எங்கோ ஒரு குளியலறையில் ஒருவர் ஒரு கையால் கதவை இழுத்துக்கொண்டு மறு கையால் "மெஷின் நடந்து வந்துடுச்சு" என்று தட்டிக்கொண்டிருக்கலாம். அவருக்குப் பதில் கிடைக்க வேண்டும். புது மெஷின் விளம்பரம் அல்ல, பதில்.

அழிப்பதற்குப் பதில் நீங்களும் எழுதினால் என்ன? ஃப்ரிட்ஜ் பார்க்கிற அண்ணா, கதவு ரப்பர் பற்றி உங்களுக்குத் தெரிந்ததில் பாதி எனக்குத் தெரியாது. எழுதுங்கள். மிக்சி பார்க்கிற மாமா, "மிக்சி புகை கக்குது" என்று உங்களிடம் தினம் பத்துப் பேர் சொல்கிறார்களே, அந்த வாக்கியத்தையே தலைப்பாக வைத்து எழுதுங்கள். எழுதத் தெரியாது என்பீர்கள். வீட்டுக்கு வீடு நின்று விளக்கம் சொல்கிறீர்களே, அதைச் சொல்கிற மாதிரியே எழுதுங்கள். எட்டு மாதம் காசு வராது, எழுதுங்கள். முதலில் இரண்டு பேர் படிப்பார்கள், இரண்டும் நீங்களே, எழுதுங்கள். ஆனால் பொய்யை மட்டும் எழுதாதீர்கள். படிக்கிறவர்கள் மெஷினின் பின்னால் எட்டிப் பார்த்துவிடுகிறார்கள்.

முடித்துவிட்டேன். தலைவர் அவர்களே, பையிலிருக்கும் தீர்மானத்தை எடுங்கள், வாக்கெடுப்பை நடத்துங்கள். நான் உட்காரப் போவதில்லை, இங்கேயே நின்று எண்ணுவேன். எத்தனை கை எழுந்தது என்பதை இன்றைக்கே என் வலைப்பூவில் எழுதுவேன். யாருடைய கை என்பதை ஒருநாளும் எழுத மாட்டேன்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், பொறுமை இழந்தும் எழுந்து போகாத கடைசி வரிசைக்கும், வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் தங்கள் மெஷினின் பின்னால் எட்டிப் பார்க்கப்போகிற தாய்மார்களுக்கும் என் நன்றி. வணக்கம். கை தூக்குங்கள்.